மலையைத் திருத்தலாமா?

தார்நாகாவுக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் மௌலா அலிக் குன்று நிற்கிறது. கவிழ்த்து வைத்த பெரும்பானை போன்ற அக்குன்றின் உச்சியில் ஒரு தர்கா அமைந்துள்ளது. ஐதராபாத்தைச் சூழ்ந்துள்ள கருங்கற் பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் என்பர் நிலவியல் அறிஞர். கைப்பேசி வைத்திருப்போர் எவரும் இத்தகைய குன்றை ஒரு நொடியில் படம் பிடிக்கலாம். மறுநொடியில் அப்படத்தை மாற்றியும் விடலாம். எந்த அளவிற்கு மாற்றலாம் என்பதே நம்முன் உள்ள வினா.

நல்ல மலைப்படம் முதலில் காலாலும் கண்ணாலும் அமைகிறது. நண்பகல் ஒளி உச்சியிலிருந்து விழுவதால் பாறையின் மேடுபள்ளங்கள் மறைந்து, குன்று தட்டையாகத் தோன்றும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் ஒளியோ ஒவ்வொரு மடிப்பையும் நிழலால் வரைந்து காட்டும். படத்தில் ஒரு பனைமரமோ, படியேறும் மனிதரோ இடம்பெற்றால் மலையின் பேருருவம் எளிதில் புலப்படும். இவற்றுக்குப் பொறுமையும் நடையுமே தேவை.

படம் எடுத்தபின் செய்யும் திருத்தம் அனைத்தும் பொய்யே என்பாரும் உளர். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக விளங்கிய லின்னேயஸ் டிரைப், 1858ஆம் ஆண்டில் மதுரை யானைமலையைப் படம் எடுத்தவர். அக்காலப் படத்தாள் நீல நிறத்தை மிகையாக உணர்ந்ததால், வானம் வெறுமையாகவே பதிந்தது. எனவே தம் எதிர்ப்படிகள் சிலவற்றில் அவர் மேகங்களைக் கையால் தீட்டினார். கருவி இழந்த வானத்தை மீட்டார் என்ற அளவில் இதனை ஏற்கலாம். அன்று இல்லாத மேகத்தை வைத்தாரோ என்ற அளவில் ஐயுறலாம். சாய்ந்த படத்தை நேராக்குவதும், இருண்ட நிழலைச் சற்றே தெளிவாக்குவதும் ஐயத்துக்கு இடமற்றவை. அவை படத்தைக் கண் கண்ட காட்சிக்கு அருகில் கொண்டு செல்கின்றன.

ஆனால், மலையை வெட்டிய கல்குவாரியின் வடுவை விரலால் தொட்டு அழிப்பது வேறு செயல். அதனை நான் ஏற்கேன். ‘மின்கம்பி வராதவாறு தள்ளி நின்று எடுப்பதும் மறைத்தல்தானே?’ என்று நீங்கள் வினவலாம். நல்ல வினா. சட்டத்திற்கு வெளியே உலகம் உண்டு என்பதைப் படம் பார்ப்பவர் அறிவார். சட்டத்திற்கு உள்ளே ஒன்று அழிக்கப்பட்டதை அவர் எவ்வாறு அறிவார்? முன்னது தேர்வு, பின்னது மறைப்பு.

மலைப்படம் அழகுப் பொருள் மட்டுமன்று. அது சான்றும் ஆகும். ஐதராபாத்தில் கட்டடங்களுக்காகப் பாறைகள் தகர்க்கப்படுவதைக் கண்டு, அவற்றைக் காப்பதற்கென 1996ஆம் ஆண்டில் ஒரு சங்கமே தோன்றியது. யானைமலையில் சிற்ப நகரம் அமைக்க 2010ஆம் ஆண்டில் முயன்றபோது, ஊர்மக்கள் எதிர்த்து நின்றனர். டிரைப் எடுத்த படத்தையும் இன்றைய மலையையும் நாம் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. வெட்டுண்ட குன்றுகளையெல்லாம் முழுமையானவைபோல் நாம் காட்டினால், காக்க வேண்டிய தேவையை யார் உணர்வர்?

கற்பனையால் படத்தை மாற்ற விரும்பினால் தாராளமாக மாற்றுங்கள். ஆனால் ‘இது கற்பனை’ என்று அடியில் எழுதுங்கள். மற்றப் படங்களின் அடியில் இடத்தையும் நாளையும் தமிழில் குறித்து வையுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அக்குன்றைத் தேடி வருபவருக்கு அந்தக் குறிப்பே வழிகாட்டும்.