குளூட்டன் ஃப்ரீ பாக்கெட்டைக் கீழே வைங்க, பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்க

1/ சீலியாக் நோய்னு உறுதியானவங்ககிட்ட "இனி குளூட்டன் கூடாது"ன்னு சொன்னதும் பல வீடுகள்ல நடக்குற முதல் வேலை, ஆன்லைன்ல குளூட்டன் ஃப்ரீ மாவு ஆர்டர் போடுறது. பாக்கெட் பின்பக்கம் படிச்சா அரிசி மாவு, சோள மாவு. தாமிரபரணித் தண்ணியில நெல் விளையுற ஊர்ல, அரிசி மாவுக்குப் பல மடங்கு விலை! காசு போறது ஒரு பக்கம். கவனமும் தப்பான இடத்துக்குப் போகுது.

2/ முதல்ல நோய். கோதுமை, பார்லி, ரை இந்த மூணுலயும் உள்ள புரதம்தான் குளூட்டன். சீலியாக் உள்ளவங்க அதைச் சாப்பிட்டா, உடம்போட எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்கும். சத்தை உறிஞ்சுற குடலுறிஞ்சிகள் தேஞ்சு போகும். இது அலர்ஜி இல்ல, மாத்திரையால தீராது. வாழ்நாள் முழுக்கச் சாப்பாடுதான் மருந்து.

3/ "அது வடக்கத்தி வியாதி சார்." பாதி உண்மை. 2016-ல வெளியான இந்திய ஆய்வுல, ரத்தத்துல சீலியாக் ஆன்டிபாடி இருந்தவங்க வடக்கே 1.23%, தெற்கே 0.10%. ஆனா அதுக்கான மரபணு ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பெரிய வித்தியாசம் தட்டுல: தினசரி கோதுமை வடக்கே 455 கிராம், இங்க 25 கிராம். இப்போ ராத்திரியானா பரோட்டா, சுகர் வந்தா சப்பாத்தி. இனியும் "நமக்கு வராது"ன்னு சொல்லாதீங்க.

4/ மாசக்கணக்கா இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஏறாத ரத்தசோகை, வளராத குழந்தை, நிக்காத வயித்துப்போக்கு இருந்தா டாக்டர்கிட்ட இதையும் கேளுங்க. டிடிஜி ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டா எண்டோஸ்கோப்பியில சதைப் பரிசோதனை. முக்கியம்: டெஸ்டுக்கு முன்னாடி கோதுமையை நிறுத்தாதீங்க. நிறுத்திட்டா நோய் இருந்தும் இல்லைன்னு வரலாம். வெயிட் குறைக்க குளூட்டனை விடச் சொல்ற யூடியூப் ஆட்கள் இதைச் சொல்றதில்ல.

5/ சரி, என்ன சமைக்கலாம்? உங்க ஆச்சி சமைச்சதை. அம்பை 16 அரிசியில இட்லி, இடியாப்பம் சொதி, உளுந்தம்பருப்புச் சோறு எள்ளுத் துவையல், கூட்டாஞ்சோறு, உளுந்தங்களி, ஆப்பம், புட்டு. எதுலயும் இயல்பா குளூட்டன் கிடையாது. கூட கேழ்வரகு, கம்பு, குதிரைவாலி. (ரையைக் "கம்பு"ன்னு மொழிபெயர்த்து வச்சிருக்காங்க. தப்பு. நம்ம கம்பு தாராளமா சாப்பிடலாம்.)

6/ அப்போ ஆபத்து எங்க? பெருங்காய டப்பாவுல. கடையில விக்கிறது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். கட்டி சேர மைதா, கோதுமை மாவு கலப்பாங்க. சாம்பார், ரசம், இட்லிப் பொடின்னு தினமும் உள்ள போகும். லேபிளைப் படிச்சு, அரிசி மாவு மட்டும் சேர்த்ததா பாத்து வாங்குங்க. கிடைக்கலையா? பெருங்காயம் இல்லாமலே பூண்டு, சீரகம் போட்டுத் தாளிங்க.

7/ அடுத்தது மாவு மில். முன்னாடி ஆள் கோதுமை அரைச்ச மிஷின்லயே உங்க பச்சரிசி விழுந்தா, அது குளூட்டன் ஃப்ரீ இல்ல. ஊற வச்சு வீட்டு மிக்சியில அரைங்க. சப்பாத்தி போட்ட கல்லுல தோசை ஊத்தாதீங்க. அவங்களுக்குத் தனிக் கல்லு, தனி சல்லடை வாங்குங்க. ஒரு தடவைச் செலவு.

8/ பேர்ல தெரியாத கோதுமை: ரவை, சேமியா, மைதா முறுக்கு, சோயா சாஸ், கோதுமை சேர்த்த சத்துமாவு. நோயாளியைப் பாக்க வாங்கிட்டு வர்ற மால்ட் பானத்துல பார்லி. நீர்க்கடுப்புக்கு பார்லித் தண்ணி. ஹோட்டல்ல ரவா தோசை ஊத்துன கல்லுல சாதா தோசை.

9/ அப்புறம் நம்ம ஊர் அல்வா. சம்பா கோதுமையை ஊறவச்சுப் பிழிஞ்ச பால்தான் அது. "ஒரு துண்டு சாப்பிடு, என்ன ஆயிரப் போவுது?"ன்னு கேக்குற சித்தி, மதினி எல்லாருக்கும் சொல்றேன்: தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூணு மாசம் போனாலே குடல் சேதமாகும்னு ஆய்வு இருக்கு. ஒரு சப்பாத்தியில 2 கிராமுக்கு மேல இருக்கும். அதுல நாப்பதுல ஒரு பங்கு போதும். வயிறு வலிக்கலைங்கிறதால குடல் தப்பிச்சதுன்னு அர்த்தமில்ல.

10/ பாக்கெட்டே கூடாதுன்னு சொல்லல. பிஸ்கட்டுக்கு அழுற பிள்ளைக்கு வாங்குங்க. எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி "குளூட்டன் ஃப்ரீ"ன்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது. அந்த வார்த்தை லேபிள்ல இருக்கான்னு பாருங்க. ஆனா அதை வாங்க வசதியில்லாதவங்க "எனக்கு இந்த டயட் கட்டுப்படியாகாது"ன்னு பழையபடி சப்பாத்திக்குப் போறாங்க பாருங்க, அதுக்குத்தான் இவ்வளவு கோபம். ரேஷன் அரிசியிலயே இந்த டயட் முடியும்.

11/ டாக்டர் நண்பர்களே, "கோதுமை சாப்பிடாதீங்க"ன்னு ஒத்தை வரி எழுதி அனுப்பாதீங்க. பெருங்காயம், மில்லு, தோசைக்கல்லு. இந்த மூணையும் சீட்டுல தமிழ்ல எழுதிக் கொடுங்க. ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.

12/ இதைப் படிக்கிற மத்தவங்க: சொந்தத்துல யாராவது "எனக்கு கோதுமை ஆகாது, டாக்டர் சொல்லியிருக்காரு"ன்னா, கிண்டல் பண்ணாம சோறு போடுங்க. சாம்பார்ல என்ன பெருங்காயம்னு அவங்க கேட்டா, டப்பாவை எடுத்துக் காட்டுங்க.