வைக்கோல் போரும் விடாத இருமலும்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. ஐப்பசியிலிருந்து இருமல், காய்ச்சல், மூச்சு வாங்கல். நிமோனியா என்று மூன்று முறை மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே இரண்டு நாளில் தெளிந்துவிடுகிறான். வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் மறுபடி அதே கதை. உடம்பும் இளைத்துவிட்டது. மாடும் வைக்கோலும் வீட்டை ஒட்டிய கொட்டகையில்தான். மழையில் நனைந்த குறுவை வைக்கோல் கட்டுகள் பூசணம் பிடித்துக் கிடக்கின்றன. அதை மாட்டுக்குப் போடலாமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி வட்டாரம்

பதில்: அம்மா, நீங்கள் கேட்டது மாட்டைப் பற்றி. அதற்குப் பதில், போடாதீர்கள். பூசணம் பிடித்த வைக்கோல் மாட்டுக்கும் நஞ்சாகலாம். ஆனால் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கவலை பையனைப் பற்றித்தான்.

நான் வேளாண்மை படித்தவன், மருத்துவன் அல்ல. உங்கள் மகனுக்கு இன்ன நோய் என்று இங்கிருந்து சொல்லக் கூடாது. ஆனால் வைக்கோல் என் துறை. அதனால் வரும் ஒரு நுரையீரல் நோயை 1932-லேயே இங்கிலாந்தில் கேம்ப்பெல் என்ற மருத்துவர் எழுதி வைத்தார். ஈரமாகக் கட்டிய புல்லைப் பிரித்து உதறியவர்களுக்கு வந்தது. ‘உழவர் நுரையீரல்’ என்றே அதற்குப் பெயர்.

ஈரத்தோடு கட்டிய வைக்கோல் உள்ளே வெந்து 50, 60 டிகிரி வரை சூடாகும். அந்தச் சூட்டில் வளரும் நுண்ணுயிர்களும் பூஞ்சாணங்களும் கட்டைப் பிரிக்கும்போது புகைபோல் எழும். பல வித்துகள் ஒரு மைக்ரான் அளவே இருப்பதால் நுரையீரலின் அடிவரை போய்விடும். இது தொற்று நோய் அல்ல, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. அந்தத் தூசியை உடம்பு எதிர்ப்பதால் வரும் வீக்கம். அதனால்தான் ஒரே வீட்டில் ஒருவருக்கு வரும், மற்றவருக்கு வராது.

இதன் அடையாளம் நேரக்கணக்கு. தூசி பட்ட 4 முதல் 8 மணி நேரத்தில் காய்ச்சல், குளிர் நடுக்கம், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் வரும். காலையில் கொட்டகையில் விளையாடிய பிள்ளைக்கு மாலையில் காய்ச்சல் வந்தால் யாருக்கு வைக்கோல் ஞாபகம் வரும்? எக்ஸ்ரேயும் நிமோனியா போலவே தெரியலாம். தூசியை விட்டு விலகினால் ஓரிரு நாளில் தணியும். மருத்துவமனையில் தெளிந்தது மருந்தால் மட்டும்தானா, அங்கே வைக்கோல் இல்லாததாலுமா என்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான். தொடர்ந்து பட்டுக்கொண்டே இருந்தால் எடை குறையும். நுரையீரலில் தழும்பு விழுந்துவிட்டால் அது மாறாது.

பிள்ளைகளுக்கு இது அரிது. வரும்போதும் பெரும்பாலும் காரணம் புறா, கிளி போன்ற பறவைகளின் எச்சமும் இறகுத் தூசியும்தான். வீட்டில் புறாக்கூண்டு இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆஸ்துமாவும் காசநோயும் இதைவிடப் பரவலானவை. அவை இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். காசநோய்ப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம்.

ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்று, எத்தனை மணிக்குக் கொட்டகைக்குப் போனான், காய்ச்சல் எப்போது வந்தது, வெளியூர் போனபோது எப்படி இருந்தான். அந்த நோட்டையும் பழைய எக்ஸ்ரேக்களையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். “வைக்கோல் தூசியால் இருக்குமா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஊதிப் பார்க்கும் பரிசோதனை, சி.டி. ஸ்கேன் எது தேவை என்று அவர்கள் முடிவு செய்வார்கள். ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படலாம். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். தூசி நிற்காமல் எந்த மாத்திரையும் நிலைக்காது. உதடு நீலம் பாரித்தாலோ, மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்கினாலோ நோட்டு, கணக்கு எதையும் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.

இனி வைக்கோல். பையனை இன்றே கொட்டகைப் பக்கம் விடாதீர்கள். பூசணக் கட்டுகளை அவன் வீட்டில் இல்லாத நேரத்தில் நன்றாகத் தண்ணீர் தெளித்து நனைத்து, பிரிக்காமல் அப்படியே எருக்குழிக்குத் தள்ளுங்கள். தூக்குகிறவர்கள் என்95 முகக்கவசம் போட வேண்டும். துண்டைக் கட்டிக்கொள்வது மனசுக்குத்தான் ஆறுதல். அந்த உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள்.

அடுத்த அறுவடையில் கட்டும் இயந்திரம் கிடைத்த நாளே கட்ட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். ஈரப்பதம் 15 சதவீதத்துக்குள் வரட்டும். ஒரு பிடியை முறுக்கினால் நொறுங்க வேண்டும். துவண்டால் ஈரம் இருக்கிறது. அடுக்கிய பின் இரும்புக் கம்பியைச் செருகி அரை மணி கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். சுட்டால் பிரித்துக் காயவையுங்கள். போரை வீட்டிலிருந்து தள்ளி, காற்று வீசும் திசைக்குக் கீழே மேடையில் போடுங்கள்.

கேள்வி: நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தபோது என் 2 வயதுப் பேத்திக்குப் புரையேறியது. உடனே சரியாகிவிட்டது. பத்து நாளாக இளைப்பும் இருமலும்.
– விருத்தாசலம் வாசகர்

பதில்: ஐயா, இந்த இதழ் கைக்கு வரும் வரை காத்திருக்காமல் போய்விட்டீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் இன்றே குழந்தைகள் மருத்துவரிடம் போய் “கடலையால் புரையேறியது” என்ற சொல்லோடு தொடங்குங்கள். பருப்பு மூச்சுக்குழலில் தங்கியிருக்கலாம். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. படம் சரியாக இருக்கிறது என்பதால் விட்டுவிடக் கூடாது. குழாய் விட்டுப் பார்த்து எடுத்துவிடுவார்கள். அதுவரை வாய்க்குள் விரல் விட்டுத் துழாவ வேண்டாம்.