மேகம் தெரிகிறது, ஆற்று வெள்ளம் தெரிவதில்லை

நாளை மழை பெய்யுமா, பால்மரம் வெட்டலாமா? பாடாங் மேஹா பக்கம் அன்று வானத்தைப் பார்த்துச் சொன்னதை இன்று கைப்பேசி சொல்கிறது. அதற்குத் துணைநிற்பது ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோள். சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 10 நிமிடத்திற்கு ஒருமுறை நம் வட்டார மேகங்களைப் படம் எடுக்கிறது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையும் இப்படங்களைப் பயன்படுத்துகிறது.

ஆனாலும், 2022 ஜூலை 4-ஆம் தேதி பக்கத்து மாவட்டமான பாலிங்கில் நடந்ததை மறக்க முடியாது. குனோங் இனாஸ் பகுதியில் கொட்டிய மழை, சேறும் மரக்கட்டைகளுமாகக் கூப்பாங் வட்டாரக் கம்பங்களுக்குள் புகுந்தது. மூவர் உயிரிழந்தனர்.

செயற்கைக்கோள் பார்ப்பது மேகத்தின் உச்சியை. மலைச்சரிவில் எவ்வளவு மழை விழுந்தது, ஆறு எவ்வளவு உயர்ந்தது என்பதைத் தரையிலுள்ள மழைமானியும் நீர்மட்டக் கருவியும்தான் சரியாகச் சொல்லும். பெரும் புயலுக்கு நாள்கணக்கில் அவகாசம் உண்டு. மலையாற்றுக்குச் சில மணி நேரம்கூடக் கிடைக்காது.

ஆகவே ஆற்றின் மேற்பகுதியில் கருவிகள், கீழே அபாயச் சங்கு, தோட்டத்து முதியவர்களுக்கும் புரியும் மொழியில் எச்சரிக்கை ஆகியவை தேவை. மலைக்காடு அழிக்கப்படுவதையும் செயற்கைக்கோள் காட்டுகிறது. அதைப் பார்த்து மழைக்கு முன்பே தடுப்பது மனிதர் பொறுப்பு.