இனத்தைப் படிப்பது யாருக்குக் கசக்கிறது?

இனத்தைப் பாடமாக்கினால் நாடு பிளவுபடும் என்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஒரு சாரார் முழங்கி வருகின்றனர். கறுப்பின மக்களைப் பற்றியும் பூர்வகுடிகளைப் பற்றியும் படிக்கப் பல்கலைக் கழகத்தில் தனிப் பட்டம் எதற்கு, வரலாற்றுத் துறையும் சமூகவியல் துறையும் போதாவா என்பது அவர்தம் வினா. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் விடையை அவர்தம் கல்விக்கூடங்களின் பழைய ஏடுகளே வைத்திருக்கின்றன.

ஃபிலடெல்ஃபியா நகர மருத்துவர் சாமுவேல் மார்ட்டன் 1839-இல் மண்டையோடுகளைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். ஓட்டுக்குள் சிறு விதைகளைக் கொட்டி நிரப்பி அளந்து, வெள்ளையர்க்கு முதலிடமும் கறுப்பர்க்குக் கடையிடமும் வழங்கினார். 1850-இல் ஹார்வர்டுப் பேராசிரியர் லூயி அகாசிஸின் ஆராய்ச்சிக்கென்று, தென் கரோலினாவில் அடிமைகளின் ஆடைகளைக் களைந்து நிறுத்திப் படம் பிடித்தனர். இதுவும் இனத்தைப் பற்றிய படிப்புத்தானே! அன்று நாடு பிளவுபடும் என்று எந்தப் பேராசிரியரும் அஞ்சவில்லை. அளக்கப்பட்டவனின் பேரன் வந்து அளவுகோலைக் கையில் கேட்டபோதுதான் அந்த அச்சம் பிறந்தது.

அவன் கேட்டது 1968-இல். அவ்வாண்டு நவம்பர் 6-ஆம் நாள் சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின மாணவர் சங்கமும் மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் தொடங்கிய வகுப்புப் புறக்கணிப்பு மறு ஆண்டு மார்ச் வரை நீடித்தது. நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். இடையில் கல்லூரித் தலைவராக அமர்த்தப்பட்ட ஹயகாவா, சொல்லின் பொருளை ஆராய்ந்து நூல் எழுதிப் புகழ்பெற்றவர். அவர்தாம் மாணவர்களின் வண்டிமீதேறி ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கினார்! எனினும் 1969-இல் இனவியலுக்கென்று தனிப் பிரிவு அங்கே திறக்கப்பட்டது. இன்றும் நடக்கிறது.

தனித் துறை இல்லாவிடில் என்ன குறை என்பார்க்கு உமர் இப்னு ஸயீதைக் காட்டுவேன். இன்றைய செனகலைச் சார்ந்த ஃபூத்தா தோரோவில் ஏறத்தாழ 1770-இல் பிறந்து, இருபத்தைந்து ஆண்டுகள் மார்க்கக் கல்வி பயின்ற ஆலிம் அவர். 1807-இல் பிடிபட்டு அமெரிக்காவில் விற்கப்பட்டார். 1831-இல் அரபு மொழியில் தம் வாழ்க்கையை எழுதினார். அதன் முகப்பில் அவர் வைத்தது ஸூரத்துல் முல்க். ஆட்சியும் உடைமையும் யாருக்கு உரியன என்று பேசும் அத்தியாயத்தை, இன்னொருவனின் உடைமை என்று பத்திரம் எழுதப்பட்ட ஒரு மனிதர் எதற்காகத் தேர்ந்தார்? அரபு அறிந்தவனுக்கு அந்த ஒரு தேர்வே போதும். 1857-இல் அவர் ஸூரத்துந் நஸ்ரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதன் பின்புறத்தில் எவரோ அதனைக் கிறிஸ்தவர்களின் கர்த்தர் ஜெபம் என்று குறித்து வைத்தார்! வரலாற்றுத் துறைகள் நிறைந்த நாட்டில், எழுதியவரை விட்டுவிட்டுத் தாளைப் பாதுகாத்தார்கள். அவருடைய சுயசரிதை 2017-இல்தான் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தை அடைந்தது.

இது மேனாட்டார் அண்மையில் கண்டெடுத்த புதுமையும் அன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவின் ஜாஹிழ், வெள்ளையரினும் கறுப்பர்க்குள்ள பெருமைகளைக் கூறித் தனி ரிஸாலாவே இயற்றினார். ஹாமின் சாபத்தால் தோல் கறுத்தது என்ற கட்டுக்கதையைப் பதினான்காம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் மறுத்து, தட்பவெப்பமே காரணம் என்றார். அதே நூலில் கறுப்பரைத் தாழ்த்தும் வாசகங்களும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் பாடமாக வைக்க வேண்டும். நம்மவர் என்பதற்காக விலக்களிக்கலாகாது.

ஐரோப்பாவிலேயே முதலாவதாக 2017-இல் பர்மிங்காம் நகரப் பல்கலைக் கழகம் தொடங்கிய கறுப்பினவியல் இளங்கலைப் படிப்பை மூடுவதென்று 2024-இல் முடிவாயிற்று. ஏழே ஆண்டுகள்! கல்லூரித் தரத்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்கென வகுத்த ஆப்பிரிக்க அமெரிக்கப் பாடத்தை, கல்விப் பயன் இல்லையென்று ஃபுளோரிடா மாநிலம் 2023-இல் தள்ளியது. மண்டையோட்டை அளந்தது மட்டும் கல்விப் பயன் உடையதோ?

இப்படிப்பை ஆதரிப்போரிடமும் எனக்கு ஒரு வழக்குண்டு. முழக்கங்களை மனனம் செய்வித்துப் பட்டம் வழங்கிவிட்டால், எதிரிக்கு நாமே வாள் தீட்டிக் கொடுத்ததாகும். அரபு அறியாமல் உமரின் ஏட்டையும், ஃபுலானி மொழி அறியாமல் அவர் பிறந்த மண்ணையும் எவ்வாறு படிப்பது? ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி நிற்பவன், அந்தத் தாளின் பின்புறத்தில் குறிப்பெழுதியவனின் கண்ணைக் கொண்டே பார்க்கிறான். பட்டத்தின் முதலாண்டிலேயே மொழிப் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும். அதில் தேறாதவர்க்கு இரண்டாம் ஆண்டில் இடம் தரலாகாது.