லாரிக்கு ஃபைல் இருக்கு, டிரைவருக்கு?

"டிரைவரே கிடைக்க மாட்டேங்கிறான் சார். இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வளைய மாட்டேங்குது."

நாக்பூர்ல நம்மாட்கள் கூடுற இடத்துல லாரித் தொழில்காரர் ஒருத்தர் இருந்தாப் போதும், இந்த வசனம் வந்துரும். சுத்தி நிக்கறவங்களும் ஒரு 'ஆமாமா' போட்டுட்டு வடையைப் பார்க்கப் போயிருவாங்க. நான் அந்த 'ஆமாமா' போடறதா இல்லை. வர்ற பையனுக்குத் தொழில் கத்துக் கொடுக்கறதில்லை, காத்துக் கிடக்கிற நாளுக்குக் காசு கொடுக்கறதில்லை, ஒழுங்காத் தூங்க விடறதும் இல்லை. அவன் ஆறு மாசத்துல ஓடிப்போனா அதுக்கு 'டிரைவர் பற்றாக்குறை'ன்னு ஒரு பேர்.

நமக்கென்ன இதுலன்னு கேக்காதீங்க. இங்கே விரத நாள்ல வீட்டுக்கு வீடு பண்ற சாபுதானா கிச்சடிக்கு ஜவ்வரிசி நம்ம சேலத்துப் பக்கத்துல இருந்துதான் லாரி லாரியா வருது. திரும்பிப் போற வண்டியில ஆரஞ்சு. மூணு வருஷத்துக்கொரு தடவை டிரான்ஸ்ஃபர் ஆகிற என்னை மாதிரி ஆட்களோட கட்டில் பீரோவும் லாரியிலதான் போகுது.

நான் வங்கிக்காரன். அதனால ஃபைல்ல இருந்தே ஆரம்பிக்கறேன். லாரிக் கடன் ஃபைல் ஒண்ணைப் பிரிச்சா ஆர்சி, பெர்மிட், எஃப்சி, இன்சூரன்ஸ், பாடி கட்டற கொட்டேஷன், முதலாளியோட ஐடி ரிட்டர்ன், ஜாமீன்தாரர் கையெழுத்து எல்லாம் இருக்கும். சேஸிஸ் நம்பரைப் பென்சில்ல தேய்ச்சு எடுத்துக்கூட ஒட்டியிருப்பாங்க. இந்த வண்டியை ஓட்டப் போறது யாரு? அதுக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. மாசா மாசம் தவணை வர்றது என்னமோ அவன் தூக்கத்துல இருந்துதான்.

அதே வங்கியில புதுசா சேர்ற ஆபீசருக்கு ரெண்டு வருஷம் புரபேஷன். பயிற்சிக் கல்லூரி, கிளை கிளையாச் சுத்தறது, பக்கத்துல உக்காந்து சொல்லித்தர ஒரு சீனியர். இத்தனைக்கும் அவன் ஒரு எண்ட்ரி தப்பாப் போட்டா சாயங்காலத்துக்குள்ள ரிவர்சல் போட்டுக்கலாம். லோடு ஏத்தின பத்துச் சக்கர லாரிக்கு ரிவர்சல் எண்ட்ரி கிடையாது. அந்த வண்டியோட மொத்த எடை வரம்பு 2018-ல 25 டன்ல இருந்து 28.5 டன்னா ஏறிடுச்சு. ஓட்டறவனுக்கான பயிற்சி அந்த அளவுக்கு ஏறுச்சா?

சட்டத்துல ஒண்ணுமே இல்லைன்னு சொல்லலை. இருபது வயசு ஆகணும், கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகணும். 2021 ஜூலையில இருந்து அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்கள்னு ஒரு ஏற்பாடும் வந்திருக்கு. கனரக வண்டிக்கு ஆறு வாரத்துல 38 மணி நேரம், அங்கே தேறினா ஆர்டிஓ டெஸ்ட்டே வேணாம். நல்லதுதான். ஆனா வகுப்பும் ஓட்டறதும் சேர்த்தே 38 மணி நேரம். சேலத்துல இருந்து நாக்பூர் வந்து சேர அதுல முக்கால்வாசி நேரத்துக்கு மேல ஸ்டியரிங் பிடிக்கணும்.

முன்னாடி இந்தத் தொழிலுக்குன்னு நிஜமான பள்ளிக்கூடம் ஒண்ணு இருந்துச்சு. கிளீனர் சீட். பையன் நாலஞ்சு வருஷம் டயர் தட்டிப் பார்ப்பான், தார்ப்பாய் கட்டுவான், இடது பக்கம் எட்டிப் பார்த்து 'ரைட் ரைட்' சொல்லுவான். ராத்திரி காலியான ரோட்டுல டிரைவர் கொஞ்ச தூரம் ஓட்டக் கொடுப்பார். திட்டு உண்டு, சில சமயம் அடியும் உண்டு, அதைப் பெருமையாச் சொல்ல மாட்டேன். ஆனா ஏத்தத்துல எந்த கியர்ல ஏறினோமோ அதே கியர்லதான் இறங்கணும்கிற பாடம் அங்கேதான் கிடைச்சுது. சம்பளத்தை மிச்சம் பிடிக்கறோம்னு கிளீனரைத் தூக்கினாங்க பாருங்க, அன்னிக்கே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. அதுக்குப் பதிலா யாரும் எதையும் திறக்கலை.

இப்ப அந்தப் பாடத்தைத் தலைகீழாச் சொல்லிக் கொடுக்கறது மைலேஜ் கணக்கு. டீசல் மிச்சம் பிடிச்சா இனாம், கூடுதலாப் போட்டா படியில பிடித்தம். தர்மபுரியில இருந்து சேலம் இறங்கற தொப்பூர் கணவாயில நியூட்ரல் போட்டு உருட்டற டிரைவருக்கு மூளை இல்லாம இல்லை. ஆபீஸ்ல போட்ட கணக்கைத்தான் அவன் ரோட்டுல போடறான். பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போனா மட்டும் 'டிரைவரின் கவனக்குறைவு'.

ராசிபுரம் பக்கத்துப் பையன் ஒருத்தன், இருபத்து நாலு வயசு இருக்கும், ஏடிஎம் கார்டு மெஷின்ல மாட்டிக்கிச்சுன்னு எங்க கிளைக்கு வந்தான். என் பேர்ப்பலகையைப் பார்த்துட்டுத் தமிழ்ல பேச ஆரம்பிச்சவன் நிறுத்தலை. டிரைவரா ஏறி எட்டு மாசம் ஆச்சாம்.

"வேலை புடிச்சிருக்காப்பா?"

"ஓட்டறது புடிச்சிருக்குங்க சார். விடிகாலைல பெஞ்ச் காட்டுக்குள்ள ரோடு மேல தூக்கி கட்டியிருக்காங்கள்ல, கீழ மிருகம் போறதுக்கு? அதுல போறப்ப ஊருக்கே ராஜா மாதிரி இருக்குங்க. நிக்கறதுதான் புடிக்கலைங்க. இங்க குடோன்ல மூணு நாளா நிக்கறேன். படி ஓடற நாளைக்கு மட்டும்தானுங்க."

"முதலாளிகிட்ட சொல்லலையா?"

"அவரு போன்ல 'எங்கடா இருக்கே'ன்னு மட்டும்தான் கேப்பாருங்க. அதுவும் ஜிபிஎஸ்ல பாத்துட்டேதான் கேக்கறாரு."

இந்தத் தொழில்ல நிர்வாகம்னா என்னங்கறதை இதுக்கு மேல யாராலயும் சொல்ல முடியாது. ஜிபிஎஸ் வண்டி எங்கேன்னு சொல்லும். ஓட்டறவன் கடைசியா எப்பத் தூங்கினான்னு சொல்லாது. ஐரோப்பாவுல லாரிக்குள்ள இருக்கிற டேக்கோகிராஃப் டிரைவரோட மணி நேரத்தை அளக்குது. நாலரை மணி நேரம் ஓட்டினா முக்கால் மணி நேரம் ஓய்வு கட்டாயம். நாம கருவி வாங்கினோம், அளக்க வேண்டியதை விட்டுட்டோம்.

ஒரு சின்னக் கணக்கு (பி.காம் படிச்சவனைச் சும்மா விட முடியாதே :-)). சேலம் - நாக்பூர் ஏறக்குறைய 1,250 கிலோமீட்டர். ஈ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்னு ஏழு நாள் கொடுக்குது. முதலாளி என்ன சொல்றார்? திங்கள் ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பு, வியாழன் காலை எட்டு மணிக்கு இறக்கு. அறுபது மணி நேரம். மணிக்கு நாப்பதுன்னு வெச்சாலும் 31 மணி நேரம் ஸ்டியரிங்ல இருக்கணும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலைன்னு 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்துலயே எழுதியாச்சு. 2025 நவம்பர்ல அது புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள்ள போச்சு, எட்டு மணி நேரம் அங்கேயும் இருக்கு. அந்தக் கணக்குப்படி இந்த ரெண்டரை நாளுக்கு இருபது மணி நேரம்தான். மீதிப் பதினோரு மணி நேரம் யார் வீட்டுக் காசு?

சின்ன முதலாளி ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னேன். "ரெண்டாவது டிரைவர் போட்டா உங்க தவணையை யார் சார் கட்டுவா?"ன்னார். நியாயமான கேள்வி. டோல், டீசல், டயர், வாடகையைக் குறைக்கற புரோக்கர்னு நாலு பக்கமும் இடி வாங்கறவர் அவர், ஒரு காலத்துல அவரும் டிரைவர்தான். அவருக்கு வாடகை கட்டுபடியாகாததுக்கு ஈடா பையனோட தூக்கத்தை எடுத்துக்க முடியாதுங்கறதுதான் என் கட்சி. சரக்கு அனுப்பற பெரிய கம்பெனி குடோன்ல நிறுத்தற நாளுக்கு ஹால்டிங் கொடுக்கணும், அது டிரைவர் கைக்கும் போகணும். நாங்களும் கடன் கொடுக்கறப்ப டிரைவர் பேர், பயிற்சிச் சான்று, விபத்துக் காப்பீடு, சம்பளம் போற அக்கவுண்ட் நம்பர் கேட்கணும். சேஸிஸ் நம்பரைத் தேய்ச்சு எடுக்கத் தெரிஞ்ச எங்களுக்கு இது பெரிய வேலையா?

2022-ல மட்டும் நம்ம ரோடுகள்ல செத்தவங்க 1,68,491 பேர். அரசாங்கத்துக்கும் கவலை இல்லாம இல்லை, 2025-ல இருந்து புது லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் ஆயிருக்கு. அதே அரசாங்கம்தான் விபத்து பண்ணிட்டுச் சொல்லாம ஓடினா பத்து வருஷம் வரைக்கும் சிறைன்னு எழுதுச்சு. 2024 ஜனவரியில டிரைவர்கள் ஸ்ட்ரைக் பண்ணினாங்க, பெட்ரோல் பங்க்ல நாம வரிசையில நின்னோம். அப்புறம் 2024 ஜூலையில புதுச் சட்டம் வந்தப்ப அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வெச்சாங்க. தண்டனைக்குப் பத்து வருஷம், பயிற்சிக்கு முப்பத்தெட்டு மணி நேரம்!

அந்தப் பையன் கார்டை வாங்கிட்டுக் கிளம்பறப்ப "சார், உள்ள பாத்ரூம் இருக்குங்களா?"ன்னு கேட்டான். மூணு நாள் நின்ன குடோன்ல டிரைவர்களை உள்ளே விடலையாம். குடோன் மட்டும்தான் அப்படின்னு நினைக்காதீங்க. உங்க அபார்ட்மெண்ட் வாட்ச்மேனைக் கேட்டுப் பாருங்க, வீட்டுச் சாமான் இறக்க வர்ற லாரி டிரைவருக்கு கேட்டுக்குள்ள என்ன விதின்னு. கேட்டுட்டு வந்து பின்னூட்டத்துல எழுதுங்க.