அழ இயலாத பிள்ளைக்காக யார் பேசுவது?

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. அழவே இயலாத பிள்ளையின் கதி என்ன? அட்டன், நுவரெலியா மலைகளின் தேயிலையால் செழிப்போரிடம் இக்கேள்வியை எழுப்புகிறோம்.

பிரசவம் நீண்டு, பிள்ளையின் கழுத்து அளவு மீறி இழுபடும்போது, குரல்வளைக்குச் செல்லும் நரம்பு காயமுறுவதுண்டு. அழுகை கம்மும், மூச்சு கீச்சிடும், பால் புரையேறும். மூக்குத் தண்டு விலகினாலும் ஆபத்தே. பச்சிளம் பிள்ளை பெரும்பாலும் மூக்கினாலேயே சுவாசிக்கிறது. இவை அரிய காயங்கள். இவற்றினும் அடிக்கடி நேர்வது, பிராணவாயு குன்றிப் பிறந்த பிள்ளை மூச்செடுக்கத் தவறுவது. அதற்கு வேண்டியது மாயமன்று, மந்திரமன்று. முதல் நிமிடத்திலேயே துடைத்துத் தூண்டவும், காற்றுப்பையும் முகமூடியும் கொண்டு மூச்சூட்டவும் பயின்ற ஒரு கை!

“தோட்டப் பெண்களும் இன்று வைத்தியசாலையில்தானே பெறுகின்றனர், இன்னும் என்ன குறை?” என்பர் சிலர். ஆம், பெரும்பாலோர் அங்கேதான் பெறுகின்றனர். ஆனால் மேற்கணக்கு லயத்திலிருந்து அங்கே போய்ச் சேருவது எப்படி? 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் புறப்படும். குண்டும் குழியுமான தோட்டப்பாதை அதற்கு வழிவிட வேண்டுமே! கொழுந்து லொறியில் தாய் வேதனையோடு குலுங்கிச் சென்ற கதைகளை மலைநாடு மறக்கவில்லை. வழியில் கழியும் ஒவ்வொரு நாழிகையும் சிக்குண்ட சிசுவின் மூச்சைத் தின்கிறது.

இதனைத் தலைவிதி என்கின்றனர். தலைவிதியன்று, சட்டவிதி! 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளியின் வைத்தியத்தைத் துரைமாரின் பொறுப்பில் விட்டது. நாட்டுக்கொரு வைத்தியம், தோட்டத்துக்கொரு வைத்தியம் என்றாயிற்று. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. துரைத்தனம் கைமாறியது, பிளவு மாறவில்லை. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் ஏற்கும் வேலை 1990களில் தொடங்கியும் முற்றுப்பெறவில்லை. கம்பெனி அரசாங்கத்தைக் காட்டுகிறது. அரசாங்கம் கம்பெனியைக் காட்டுகிறது. இடையில் பிள்ளை நீலம் பாய்கிறது!

நாம் கேட்பது பிச்சையன்று. ஒவ்வொரு கணக்குக்கும் அம்புலன்ஸ் ஏறும் பாதை வேண்டும். தாயின் தமிழறிந்த மருத்துவமாது வேண்டும். பிள்ளை பிறக்கும் ஒவ்வோரிடத்திலும், இரவும் பகலும், மூச்சூட்டப் பயின்ற கை வேண்டும். கம்மிய அழுகையோடு எந்தப் பிள்ளையையும் பரிசோதிக்காது லயத்துக்கு அனுப்பலாகாது. தோட்ட வைத்தியம் முழுவதையும் அரசாங்கம் ஏற்கவேண்டும்.

அந்தப் பிள்ளையால் அழ முடியாது. நம்மால் முடியும், அழுகையாக அன்று, உரிமைக் குரலாக!