‘என் கணினியில நல்லாத்தானே ஓடுச்சு?’

வானொலியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் படித்தாலும் மனத்துக்குள் விநாடி முள் ஓடும். யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டினால்கூட, ‘இது நாற்பது விநாடி’ என்றுதான் முதலில் தோன்றும். இந்த வியாதிக்கு மருந்தாக, மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் என் தம்பியும் சேர்ந்து கணினிக்கு ஒரு சின்ன மென்பொருள் செய்தோம். தமிழில் எழுதிய உரையை அதில் ஒட்டினால், வாசிக்க எவ்வளவு நேரமாகும் என்று சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை.

தம்பி கணினித் துறையில் இருக்கிறான். பகலில் அலுவலகத்துக்கு உழைப்பு, இரவில் அக்காவுக்கு. சம்பளம், மாமாக் கடையில் இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரேக்கும். மூன்றே வார இறுதிகளில் மென்பொருள் தயார். ஆனால் அதை அடுத்தவர் கையில் ஒழுங்காகக் கொடுக்கக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ஒருவருக்கு ஈடுகட்ட முடியாத இழப்பையும் ஏற்படுத்திவிட்டோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு தம்பியோ தங்கையோ இருக்கலாம். அப்பாவின் மளிகைக் கடைக் கணக்குக்கோ, கோயில் சந்தாவுக்கோ, தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கோ ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கலாம். இந்த வாரம் அவர்களுக்காக. நிரல் எழுதாதவர்களும் படியுங்கள், ஏனென்றால் அதை வாங்கிக் கணினியில் போடப்போவது நீங்கள்தான்.

எழுத்தை எண்ணத் தெரியுமா?

எங்கள் முதல் பதிப்பு எழுத்துகளை எண்ணி நேரம் சொன்னது. சொன்ன நேரம் எல்லாமே தப்பு. காரணம் எளிது. ‘வானொலி’ என்பதில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லும். கணினி ஆறு என்று சொல்லும். யூனிகோடு என்கிற ஒருங்குறியில் ‘வ’ ஒரு குறி, அதன் கால் இன்னொரு குறி. இப்படியே கூட்டினால் ஆறு. அதோடு முடியவில்லை. ‘னொ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறிகளாகப் பிரித்தும் சேமிக்கலாம். பிரித்தால் ஏழு. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது.

எனவே தமிழுக்கு மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளே, உள்ளே வரும் எழுத்தை முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ‘நார்மலைசேஷன்’ என்று தேடினால் எல்லா நிரல் மொழியிலும் அதற்கு வழி இருக்கும். எண்ணும்போது குறிகளை எண்ணாமல், கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்துகளை எண்ணுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறவர்களுக்கு ‘இன்டல் செக்மென்டர்’ என்ற வசதி இதற்கென்றே இருக்கிறது.

எண்களும் எங்களை ஏமாற்றின. உரையில் ‘1957’ என்று எழுதினால் நான்கே இலக்கம். வாசிக்கும்போது ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு’, பத்தொன்பது எழுத்து! மெர்டேக்கா மாதத்து உரைகள் எல்லாம் ஏன் நேரத்தைத் தாண்டின என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்தவர் கணினி வேறு

முதல் பதிப்பை வானொலி நிலையத் தோழியிடம் கொடுத்தேன். அவளுடைய மடிக்கணினியில் அது திறக்கவே இல்லை. தம்பி உடனே சொன்னான்: “என் கணினியில நல்லாத்தானே ஓடுது?”

ஓடாமல் என்ன செய்யும்? மென்பொருளுக்குத் தேவையான துணைக் கோப்புகள் எல்லாம் அவன் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. தோழியின் கணினியில் அவை இல்லை. புது வீட்டில் சமைக்கப் போனபிறகுதான் அங்கே தீப்பெட்டி இல்லை என்று தெரியும், அந்த மாதிரி.

இதற்கு ஒரு பழக்கம் போதும். வெளியிடுமுன், எதுவுமே போடாத சுத்தமான கணினியில் ஒருமுறை நிறுவிப் பாருங்கள். தனியாக வாங்கத் தேவையில்லை. விண்டோஸ் புரோ பதிப்பில் ‘விண்டோஸ் சேண்ட்பாக்ஸ்’ என்றொரு வசதி உண்டு. ஒவ்வொரு தடவையும் புதுக் கணினி போலத் திறந்து, மூடியதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஹோம் பதிப்பில் அது கிடையாது, அங்கே மெய்நிகர் கணினி ஒன்றை அமைத்துக்கொள்ளலாம்.

அங்கே பார்க்க வேண்டியவை சில. பயனர் பெயரில் இடைவெளி இருந்தால் ஓடுகிறதா? கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் திறக்கிறதா? பழைய சின்னத் திரையில் ‘சேமி’ பொத்தான் கீழே மறைந்துபோகிறதா? அமைப்புகளை மென்பொருள் நிறுவிய இடத்திலேயே எழுதப் பார்க்கிறதா? ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் எழுதச் சாதாரணப் பயனருக்கு அனுமதி இல்லை. ‘ஆப்டேட்டா’ என்ற பயனரின் சொந்த இடத்தில்தான் எழுத வேண்டும்.

எந்தக் கருவியில் செய்வது என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். இணையப் பக்கம் செய்யத் தெரிந்தவர்களுக்கு ‘எலக்ட்ரான்’ எளிது. விஷுவல் ஸ்டூடியோ கோட் அதில்தான் செய்யப்பட்டது. ஆனால் அது குரோமியம் உலாவியையே முழுசாகத் தூக்கிக்கொண்டு வரும். எங்கள் சின்னக் கடிகாரம் நூறு எம்.பி.யைத் தாண்டியது. ‘டாவ்ரி’ போன்றவை கணினியில் ஏற்கெனவே இருக்கும் உலாவிப் பகுதியைப் பயன்படுத்துவதால் உருவம் சிறியது. பதிலுக்கு, விண்டோஸில் ஒன்றும் மேக்கில் வேறொன்றுமாக உலாவிப் பகுதி மாறும், இரண்டிலும் சோதிக்க வேண்டும். எதைப் பிடித்தாலும் ஒரு விலை உண்டு.

அந்த நீலப் பெட்டி

அடுத்த சிக்கல் இன்னும் பெரிது. பதிவிறக்கியவர்கள் திறந்ததும் நீல நிறத்தில் ஒரு பெட்டி வந்தது. ‘விண்டோஸ் உங்கள் கணினியைப் பாதுகாத்தது’ என்றது. மேக் வைத்திருந்தவர்களுக்கு அதுவும் இல்லை, கணினி திறக்கவே மறுத்துவிட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டேன். ‘பயப்படாதீங்க, மோர் இன்ஃபோவை அழுத்திட்டு ரன் எனிவே போடுங்க!’ வானொலிக் குரலாச்சே, எல்லாரும் கேட்டார்கள். என் அம்மாவும் கேட்டார்.

இரண்டு மாதம் கழித்து, அம்மாவுக்கு ஒரு கல்யாண அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வந்தது. பார்த்தால் ஏ.பி.கே. கோப்பு. வங்கிக் கணக்கைத் துடைத்தெடுக்கும் மோசடிக் கும்பல்கள் அனுப்பும் அதே ரகம். கைப்பேசி எச்சரித்தது. அம்மா நல்ல வேளையாக எனக்கு அழைத்தார். “நீ அன்னைக்குச் சொன்ன மாதிரி, எப்படியும் திறன்னு குடுத்துடவா?” என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. எச்சரிக்கையை மதிக்காதே என்று அம்மாவுக்குப் பாடம் நடத்தியவள் நானேதான்.

அந்தப் பெட்டி வருவதற்குக் காரணம், அனுப்பியவர் யார் என்று கணினிக்குத் தெரியாதது. முறையான வழி, மென்பொருளில் மின்கையொப்பம் இடுவது. விண்டோஸுக்கு அதற்கான சான்றிதழை வாங்க ஆண்டுக்குப் பல நூறு ரிங்கிட் ஆகும். 2023 ஜூன் முதல் அந்தச் சான்றிதழின் சாவியைப் பாதுகாப்பான வன்பொருளில்தான் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. கையொப்பம் இட்டாலும், பலர் பதிவிறக்கி நற்பெயர் சேரும்வரை எச்சரிக்கை கொஞ்ச காலம் வரலாம். மேக்குக்கு ஆப்பிளின் உருவாக்குநர் திட்டத்தில் ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர் கட்டி, ஒவ்வொரு பதிப்பையும் அவர்களின் பரிசோதனைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும்.

கையில் காசில்லாத மாணவர்களுக்கு ஒரு வழி, மைக்ரோசாப்ட் ஸ்டோர். அதற்குரிய பொதியாக்கி அங்கே வெளியிட்டால், கையொப்பத்தை அவர்களே இட்டுவிடுவார்கள். நாங்கள் கடைசியில் அந்த வழிக்குத்தான் போனோம். காசு மிச்சமானது இருக்கட்டும், அம்மாவிடம் ‘எச்சரிக்கை வந்தா நிறுத்திடுங்க’ என்று இப்போது தைரியமாகச் சொல்ல முடிகிறது.

தலைமையாசிரியர் ஐயாவின் ஒன்பது உரைகள்

இனி, முதலில் சொன்ன அந்தக் கதை.

எங்கள் மென்பொருளை விரும்பிப் பயன்படுத்தியவர்களில் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். தோட்ட வாழ்க்கையைப் பற்றி வானொலிக்குப் பல ஆண்டுகள் உரை எழுதியவர். ஆயாக்கொட்டகை, பால்வெட்டுக்குப் போகும் விடியற்காலை, தோட்டத் திடலில் போட்ட நாடகங்கள் என்று முப்பத்தொரு உரைகள் அவர் கணினியில் இருந்தன. அவர் எழுதிய தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகள்.

எங்கள் புதிய பதிப்பில் ஒரு வசதி சேர்த்தோம். ஒரு கோப்புறையைக் காட்டினால் அதிலுள்ள எல்லா உரைகளையும் ஒரே நேரத்தில் உள்ளே எடுத்து, புதிய முறையில் சேமித்துவிடும். ஐயா தம் கோப்புறையைக் காட்டினார். திரை முழுக்கக் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறிகள்.

ஒருங்குறி பரவுவதற்கு முன்பே நம் நாட்டில் தமிழ்க் கணிமை வளர்ந்துவிட்டது. நம் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கியவர். அந்தக் காலத்தில் டிஸ்கி, டாப், டாம் என்று பல குறியேற்றங்கள் இருந்தன. ஒரே எழுத்துக்கு எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்காது. ஐயா பழகிய கையை மாற்றாமல் அந்தக் காலத்து எழுத்துரு ஒன்றிலேயே தட்டச்சு செய்துவந்தார். எங்கள் மென்பொருளோ எல்லாம் ஒருங்குறி என்று நினைத்துப் படித்தது. புரியாத எண்களுக்கெல்லாம் கேள்விக்குறி போட்டது. போட்டதை அதே கோப்பின்மேல் சேமித்தது. காட்சி மட்டும் கெட்டிருந்தால் மீட்டிருக்கலாம். சேமித்த பிறகு பழைய எண்களே இல்லை.

தம்பி மறுபடியும் மெல்லச் சொன்னான்: “என் கணினியில நல்லாத்தானே ஓடுச்சு, அக்கா?” அவன் சோதித்த கோப்புகள் எல்லாம் அவனே போன வாரம் தட்டச்சு செய்தவை.

பழைய பெண்டிரைவ் ஒன்றில் இருபத்திரண்டு உரைகள் கிடைத்தன. மீதி ஒன்பது. நிலையத்தின் கோப்பு அலமாரியை இரண்டு நாள் துழாவி, ஐயா தாளில் கொண்டுவந்து வாசித்த ஐந்து உரைகளைக் கண்டுபிடித்தேன். நான்கு போயே போய்விட்டன.

மன்னிப்புக் கேட்க நேரில் போனோம். “பரவாயில்லம்மா, திரும்ப எழுதிக்கிறேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “அந்த நாடகத்துல யார் யார் நடிச்சாங்கன்னு பேரு எழுதி வெச்சிருந்தேன். இப்ப ரெண்டு பேரு பேரு வரமாட்டேங்குது. கேக்கலாம்னா, சொல்றதுக்கு ஆளும் இல்ல.”

திரும்பி வரும் வழியெல்லாம் தம்பி ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு அவன் ஒரு தாளில் எழுதி மேசை முன் ஒட்டியது இது:

1. பயனரின் மூலக் கோப்பைத் தொடாதே. மாற்றுவதென்றால் நகலில் மாற்று.

2. சேமிக்கும்போது முதலில் தற்காலிகக் கோப்பில் எழுது. முழுசாக எழுதி முடித்த பிறகு பெயரை மாற்று. நடுவில் மின்சாரம் போனாலும் பழையது மிஞ்சும்.

3. புரியாத எழுத்து வந்தால் ஊகிக்காதே. நிறுத்திப் பயனரைக் கேள்.

4. புதிய பதிப்பை முதலில் ஐந்து பேருக்குக் கொடு. அதில் ஒருவராவது அறுபது வயதைத் தாண்டியவராக இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து மற்றவர்களுக்கு.

5. பழைய பதிப்பையும் பதிவிறக்கக் கிடைக்கும்படி வை. திரும்பிப்போக வழி இருக்க வேண்டும்.

6. என்ன மாறியது என்பதை ஒவ்வொரு பதிப்பிலும் எளிய தமிழில் எழுது. ‘பிழைகள் சரிசெய்யப்பட்டன’ என்பது பதிலாகாது.

7. பிறர் எழுதிய திறமூல நிரலைச் சேர்த்தால், அவர்களின் உரிமக் குறிப்பையும் சேர்த்துக் கொடு.

இரண்டு தடவையும் ‘என் கணினியில ஓடுது’ என்று தம்பி சொன்னது பொய்யில்லை. ஆனால் மென்பொருளை வெளியிடுகிற நிமிடத்தில் அது நம் கணினியைவிட்டுக் கிளம்பி, வேறொருவரின் உழைப்பு இருக்கும் வீட்டுக்குள் போகிறது. அங்கே என்னென்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தெரியாத வீட்டில் எப்படிப் பதவிசாக நடப்போமோ, அப்படித்தான் அதுவும் நடக்க வேண்டும்.

ஐயா இன்னும் எங்கள் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறார். தொலைந்த நான்கில் இரண்டைத் திரும்ப எழுதிவிட்டார். புதிய பதிப்பு வந்ததென்று சொன்னால் ஒரே கேள்விதான் கேட்பார்: “பழசத் தொடாதுல்ல?”

இப்போது எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதல் வரியாகத் திரையில் வருகிறது: ‘உங்கள் பழைய கோப்பு அப்படியே இருக்கிறது.’ கூடவே அது இருக்கும் இடமும். அந்த வரியை எழுதியது தம்பி. அதை வாசிக்க மூன்று விநாடி ஆகும்.

அடுத்த வாரம் சந்திப்போம். அதற்குள் உங்கள் கோப்புகளை இன்னோர் இடத்திலும் நகலெடுத்து வைத்துவிடுங்கள்!